கழுத்துப் பட்டியை மூன்றாம் முறை பிரித்தபோது

சென்னிமலைப் போர்வையில் நானே தைத்த ஜாக்கெட் (ரவிக்கை இல்லை, குளிருக்குப் போடும் கோட்டு) எப்படி உழைக்கிறது, நானும் ஒன்று தைக்கட்டுமா என்று தோழி கேட்டாள். அவள் கேட்ட நேரம் நான் அதன் கழுத்துப் பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்தில் இது மூன்றாம் தடவை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லைனிங் வைக்கவில்லை. உள்ளே எல்லாத் தையல் ஓரங்களையும் மதுரைச் சுங்குடியில் வெட்டிய கிராஸ் பீஸால் (இழைக்கு 45 டிகிரி சாய்வாக வெட்டும் பட்டி) மூடினேன். போர்வைத் துணியை வெட்டினால் தொட்டாலே பிசிறு உதிரும். இத்தனை சலவைக்குப் பிறகும் உள்ளே ஒரு நூல் நீட்டவில்லை. கழற்றி நாற்காலியில் போட்டால் அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் ஓரமெல்லாம் ஓடும். வெளிப்பக்கத்தைவிட எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கும்.

கழுத்துக்கு மட்டும் அவசரத்தில் கடையில் சுருளாக விற்கும் டேப்பை வைத்தேன். கிராஸ் என்றுதான் கொடுத்தார்கள். சாய்வாகச் சுருக்கம் விழுந்தது. இஸ்திரியில் அடங்கும், அடுத்த சலவையில் திரும்பி வரும். என் கைதான் சரியில்லை என்று நினைத்து, அதே சுருளிலிருந்து வெட்டி இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். போன வாரம்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இழை 45 டிகிரியில் ஓடவே இல்லை! சாய்வு தப்பி வெட்டிய துணி வளைவில் நெகிழாது, முறுக்கிக்கொள்ளும். வாங்கும்போதே ஒரு சாண் பிரித்து இழுத்துப் பாருங்கள். நெகிழவில்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

இந்த முறை மிச்சமிருந்த சுங்குடி. 50 செ.மீ. சதுரத்தில் 4 செ.மீ. பட்டி ஏறக்குறைய 6 மீட்டர் தேறும். ஆனால் தடித்த துணியைச் சுற்றி மடிவதிலேயே அகலம் போய்விடுகிறது, அதனால் 4.5 வெட்டினேன். நனைத்துக் காயவைத்து, உள்வளைவில் சற்று இழுத்துப் பிடித்துத் தைத்தேன். அப்படியே படிந்தது.

இருந்தாலும், தைக்கட்டுமா என்று இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தோள் தையல் கழுத்தைத் தொடும் இடத்தில் அத்தனை மடிப்பும் ஒன்றாகச் சேர்ந்து, தடித்த துணிக்கான 16ஆம் நம்பர் மிஷின் ஊசி நேற்றும் முறிந்தது. அந்த இரண்டு அங்குலத்தைக் கையால்தான் முடித்தேன், விரல் இன்னும் வலிக்கிறது. மார்கழியில் கேள். சுங்குடி இன்னும் இருக்கிறது, உன் கழுத்துக்கும் சேர்த்து வெட்டி வைக்கிறேன்.