பழைய டீசல் காரில் டேங்க் காற்றோட்டமும் டீசல் வரத்தும்: பல வருடப் பயன்பாட்டில் தெரியவந்தவை

வண்டி நல்ல வேகத்தில் போகும்போது இழுவை குறைகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் ஏறாமல், கடைசியில் நின்றே போகிறது. பத்து நிமிடம் ஓரங்கட்டி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. இப்படி வந்தால் முதல் பழி, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பம்பின்மேல்தான் விழும். கழற்றி வேலை பார்த்துத் திரும்பப் பூட்டிய பிறகும் கோளாறு அப்படியே இருக்கும். மெர்சிடிஸ் டபிள்யூ123 போன்ற இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் பிஸ்டன்கள் உள்ளது) வண்டியோ, பாஷ் விஇ ரோட்டரி பம்ப் (எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே சுழலும் பிஸ்டன்) வண்டியோ, பம்ப் கெட்டுப்போவதைவிட அதற்கு டீசல் போய்ச் சேராமல் இருப்பதே அதிகம்.

கோளாறு வந்த அந்த நிமிடமே டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். 'உஸ்' என்ற சத்தம் கேட்டால் மட்டும் போதாது, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். மூடியை மெல்லத் தளர்த்தி வாயருகே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பிடித்தால் தெரிந்துவிடும். வெளியே தள்ளினால் பெரும்பாலும் பயமில்லை. எஞ்சினில் செலவாகாத சூடான டீசல் ரிட்டர்ன் லைன் என்ற குழாயில் திரும்பி வருவதால் டேங்க் சூடேறும். 60 லிட்டர் டீசல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் விரியும். தாளை உள்ளே இழுத்து, மூடி திறந்தபின் வண்டியும் சரியாக ஓடினால், வென்ட், அதாவது டேங்குக்குள் காற்று போகும் வழி, அடைத்திருக்கிறது.

இதை 'சின்ன விஷயம்' என்று விடவே கூடாது. டேங்கின் உள்ளே அழுத்தம் 0.1 பார் குறைந்தாலே, அரை சதுர மீட்டர் பரப்புள்ள தகட்டின்மேல் சுமார் 500 கிலோ எடைக்கு நிகரான விசை விழும். டேங்க் உள்வாங்கி நசுங்குவது இதனால்தான். சில வண்டிகளில் வென்ட் மூடியிலேயே இருக்கும், சிலவற்றில் டேங்க் மேலிருந்து ஒரு மெல்லிய குழாயாக வரும். குழாயில் சேறும் குளவிக்கூடும் அடைப்பது சகஜம். டேங்க் பக்கம் ஓஸைக் கழற்றிவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். மூடி மாற்றியபின் தொந்தரவு தொடங்கியிருந்தால் மூடியையே சந்தேகிக்கலாம். வென்ட் உள்ளதும் இல்லாததும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

மூடியைத் திறந்தும் தேறவில்லை, ஆனால் நிறுத்தி வைத்தால் தேறுகிறது என்றால் டேங்க் உள்ளே இருக்கும் வடிகட்டியைப் பாருங்கள். அடியில் தங்கிய தண்ணீரில் வளரும் கருப்புக் கொழகொழப்பு அதில் ஒட்டி அடைக்கும், உறிஞ்சல் நின்றதும் உதிரும். டபிள்யூ123இல் டேங்கின் அடியில் 46 மிமீ நட்டோடு இது கழன்று வரும். டேங்கை முதலில் காலி செய்துவிட வேண்டும். கிருமிக்கொல்லி மருந்து ஊற்றினால் செத்த கசடெல்லாம் கிளம்பி ஃபில்டரை அடைக்கும், அதனால் இரண்டு ஃபில்டர் கையிருப்பில் இருக்கட்டும். பழைய டேங்கின் உள்ளே கோட்டிங் பூசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துருவைச் சுத்தமாக எடுக்காமல் பூசியது வருடங்கள் கழித்து உரிந்து அதே வடிகட்டியில் வந்து நிற்கும்.

எல்லாவற்றையும் பாதியாகப் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. சுத்தமான டீசல் 5 லிட்டரை ஒரு கேனில் எடுத்து, ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப்) உறிஞ்சும் ஓஸையும் ரிட்டர்ன் ஓஸையும் அதற்குள் விட்டு, கேனை நன்றாகக் கட்டி, ஓட்டிப் பாருங்கள். வண்டி இழுத்தால் குற்றம் பின்னால், டேங்கிலோ டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவிலோ. அப்போதும் இழுக்காவிட்டால் ஃபில்டர், ஃபீட் பம்ப், அதற்கப்பால்.

பின்னால் என்று தெரிந்தபின் ரப்பர் ஓஸ்களை வெளியே பார்த்துவிட்டு விடாதீர்கள். வெளித்தோல் பளபளவென்று இருக்கும். நீளவாக்கில் கீறிப் பார்த்தால் உள்தோல் தனியாகப் பிரிந்து நாக்குபோலத் தொங்கும். உறிஞ்சல் கூடும்போது அது வழியை மூடும், குறைந்தால் திறக்கும். பயோடீசல் கலப்பு பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். 'விட்டான்' (Viton) என்ற ரப்பர் வகையில் உள்தோல் கொண்ட ஓஸ் விலை கூடுதல், ஆனால் உழைக்கும்.

காற்று பிடிப்பது வேறு கதை. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பது இதன் அடையாளம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் தெளிவான ஓஸ் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் வரும் குமிழி ஒரு நிமிடத்தில் நின்றால் சரி. நிற்காமல் ஓடினால் பான்ஜோ போல்ட்டின் (நடுவே டீசல் போகத் துளையுள்ள போல்ட்) காப்பர் வாஷர்கள் (ஒவ்வொரு முறையும் புதிது), கிளாம்ப்கள், ஹேண்ட் பிரைமர் (கையால் அடித்து டீசலை ஏற்றும் பம்ப்) என்று வரிசையாகப் பார்க்கவும். பழைய பாஷ் பம்புகளில் திருகிப் பூட்டும் வெள்ளைக் குமிழ் பிரைமர் காற்று இழுப்பதில் பேர்போனது. அழுத்தும் வகைக் கருப்புப் பிரைமரை மாற்றிப் போட்டால் தீரும். நாசில்களை (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிப்பவை) இணைக்கும் துணிப்பின்னல் ரிட்டர்ன் ஓஸ்களையும் கடைசி நாசிலின் மூடியையும் சேர்த்தே மாற்றிவிடலாம்.

விஇ பம்பில் ஒன்று கவனம். ரிட்டர்ன் பான்ஜோ போல்ட்டில் 'அவுட்' என்று பொறித்திருக்கும், உள்ளே ஊசித்துளை ஒன்றுதான். அதை உள்வரும் பக்கம் மாற்றிப் பூட்டினால் பம்ப் பட்டினி கிடக்கும்.

இன்லைன் பம்பில் ஃபில்டருக்குப் பிறகு அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 0.8 முதல் 1 பார் நிற்க வேண்டும். லோடில் 0.5க்குக் கீழே போனால் ஃபில்டர், பிறகு ஃபீட் பம்பின் வால்வுகள். எலக்ட்ரிக் பம்ப் ஒன்றை நிரந்தரமாகச் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. ஓட்டையை மறைக்கும், கோளாறைத் தீர்க்காது.

டீசல் லைனில் புகுந்த ஏரை எடுக்கும்போது ஃபில்டரின் பிளீட் திருகை (காற்றை வெளியேவிடும் திருகு) தளர்த்தி, குமிழி நிற்கும்வரை பிரைமரை அடித்து, பிறகு நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளை அரைத் திருகு தளர்த்தி செல்ஃப் அடிக்கவும். ஒரு முறைக்கு 20 வினாடி போதும். டீசல் பீறிடும் இடத்தில் கையை வைக்காதீர்கள். நாசிலுக்குப் போகும் அழுத்தம் 100 பாருக்கு மேல், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இவ்வளவும் சரியாக இருந்து, குளிர்ந்த எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகி, சூடான எஞ்சின் மட்டும் ஆகாமல், ரோட்டரி பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் குளிரவைத்ததும் ஸ்டார்ட் ஆனால், அப்போது பம்பின் ஹெட் (டீசலை அழுத்தும் பகுதி) தேய்ந்திருக்கிறது. அந்த ஒரு நிலையில் பம்பைக் கழற்றலாம்.