குழந்தைக்கு நரம்பு பிளாக்: விரல் போதுமா, அல்ட்ராசவுண்ட் வேண்டுமா?

விழித்திருக்கும் பெரியவருக்கு பிளாக் (உடலின் ஒரு பகுதியை மரத்துப்போகச் செய்ய நரம்பருகே போடும் மருந்து ஊசி) போடும்போது ஊசி நரம்பில் பட்டால், "சுரீர்னு இழுக்குது" என்று அவரே சொல்லிவிடுவார். குழந்தைக்கோ பெரும்பாலும் மயக்கம் கொடுத்த பிறகுதான் போடுகிறோம். எச்சரிக்க யாரும் இல்லை. எலும்பைத் தடவி இடம் குறிக்கும் பழைய முறையா, அல்ட்ராசவுண்டா என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

குடலிறக்க அறுவைக்காக, அடிவயிற்று நரம்புகளுக்குப் போடும் இலியோஇங்குவினல் பிளாக்கைப் பாருங்கள். பழைய முறையில், இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து அளந்து, ஊசி சவ்வைத் துளைக்கும்போது கைக்குத் தெரியும் அந்தச் சின்ன 'டக்'கை நம்பி மருந்தைச் செலுத்துவோம். சின்னக் குழந்தைக்கு நரம்பிலிருந்து சில மில்லிமீட்டரிலேயே வயிற்றறையின் உள்சவ்வு வந்துவிடும். இப்படிப் போட்ட மருந்து எங்கே போகிறது என்று 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் அல்ட்ராசவுண்டால் பார்த்தார்கள். நரம்பைச் சுற்றிச் சரியாகச் சேர்ந்தது 14 சதவீதத்தில்தான். மீதியில் பெரும்பகுதி பக்கத்துத் தசைகளுக்குள் போயிருந்தது.

வியன்னா குழு 2005-ல் 100 குழந்தைகளிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது. அல்ட்ராசவுண்டில் பார்த்துப் போட்டபோது கிலோ எடைக்குச் சுமார் 0.19 மில்லி மருந்து போதுமானதாக இருந்தது. பழைய முறையில் கொடுத்தது 0.3 மில்லி. அறுவையின்போது கூடுதல் வலிமருந்து தேவைப்பட்டவர்கள் அல்ட்ராசவுண்ட் முறையில் 4 சதவீதம். பழைய முறையில் 26. பச்சிளம் குழந்தையின் ரத்தத்தில் இந்த மருந்தைப் பிடித்துவைக்கும் புரதம் குறைவு என்பதால், மிச்சமாகும் ஒவ்வொரு துளியும் பாதுகாப்புதான்.

நரம்பைச் சுற்றி மருந்து கறுப்பு வளையமாக விரிவதைத் திரையில் கண்ணால் பார்க்கலாம். மருந்து உள்ளே போகிறது, ஆனால் எங்கும் கறுப்பு விரியவில்லையா? உடனே நிறுத்துங்கள். ஊசிமுனை ரத்தக்குழாய்க்குள் இருக்கலாம். அப்புறம், சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் படமே கெட்டுவிடும். முதலிலேயே வெளியேற்றிவிட வேண்டும்.

ஊசிமுனை வழியே சிறு மின்சாரம் பாய்ச்சும் நெர்வ் ஸ்டிமுலேட்டர் இடைப்பட்ட வழி. தசை துடிப்பதை வைத்து நரம்பு பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும், ரத்தக்குழாயைக் காட்டாது. தசைத்தளர்வு மருந்து கொடுத்திருந்தால் உதவாது.

முதுகெலும்பின் அடிப்பகுதி வழியே போடும் காடல் பிளாக்கில் மட்டும் விரலுக்கே என் ஓட்டு. முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பின் இரண்டு சிறு முனைகளும் நன்றாகத் தட்டுப்பட்டால் பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே கிடைத்துவிடும். முனைகள் தெரியவில்லை, அல்லது பிறந்த சில நாள் குழந்தை என்றால் அல்ட்ராசவுண்ட் புரோபை எடுத்துவிடுவேன். அந்த வயதில் தண்டுவட உறை பெரியவர்களைவிடக் கீழே, மூன்றாவது திருவெலும்பு மட்டம் வரைகூட இறங்கியிருக்கும். முதுகெலும்பு இன்னும் முழுதாக இறுகாததால் திரையில் அந்த உறையும் தெளிவாகத் தெரியும்.