கிறிஸ்துவின் சுபாவம்: இரண்டா, ஒன்றா?

451-இல் ஆயர்கள் கூடிய கல்கெதோன் திருச்சபைச் சங்கம் வகுத்தது: கிறிஸ்து ஒரே ஆள், தெய்வம், மனிதம் என்ற இரு சுபாவங்களில், அவை கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல். கத்தோலிக்கர், கிரேக்க ஆர்த்தடாக்ஸ், பெரும்பாலான புராட்டஸ்டண்டுகள் இந்தப் பக்கம். பசித்தது மனித சுபாவத்தில், புயலை அடக்கியது தெய்வ சுபாவத்தில் என்று விளக்க இது வசதி. ஆபத்தும் அங்கேதான்: செயல்களை இரு ஆட்களுக்குப் பங்குபோட்டால், 431-இல் எபேசு சங்கத்தில் கண்டிக்கப்பட்ட கான்ஸ்டாண்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியுவின் பாதைக்குப் போய்விடுவோம்.

காப்டிக், ஆர்மீனிய, எத்தியோப்பிய, சிரிய, கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபைகள் அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் வழியில், மாம்சமான வார்த்தைக்கு, அதாவது மனிதரான கிறிஸ்துவுக்கு, ஒன்றுபட்ட ஒரே சுபாவம் என்கின்றன. மாம்சத்தில் பாடுபட்டவர் கடவுளே என்று தயங்காமல் சொல்ல இது கைகொடுக்கும். இவர்களைத் துறவி யூட்டிக்கஸின் சீடர்கள் என்பது அநியாயம். மனிதத்தை விழுங்கிவிடும் அவர் போதனையை இவர்களும் மறுக்கிறார்கள். 1973-இல் போப் ஆறாம் பவுலும் காப்டிக் போப் மூன்றாம் ஷெனூடாவும் கிறிஸ்துவைப் பற்றிய பொது அறிக்கையிலேயே கையெழுத்திட்டார்கள்.