ரிஸ்க் இன்டர்ன்ஷிப்பா, டேட்டா இன்டர்ன்ஷிப்பா?

பி.காம்., எம்.பி.ஏ. பிள்ளைகள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முழிக்கிறார்கள்.

வேலை
ரிஸ்க்: கொடுத்த கடன் திரும்பி வருமா என்று கணிக்கும் வேலை. கடன் வாங்கிய நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டைக் குடைய வேண்டும். தவணை 90 நாளைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி விதிப்படி வாராக்கடன். அதற்கு முன்பே மோப்பம் பிடிக்கத்தான் எஸ்.எம்.ஏ. (தவணை தவறத் தொடங்கிய, கண்காணிக்க வேண்டிய கணக்கு) என்று 30 நாளுக்கு ஒரு படி.
டேட்டா: பாதி நேரம் தகவல்களைச் சுத்தம் செய்வதிலேயே போகும். ஒரே ஊர் ‘திருச்சி’, ‘திருச்சிராப்பள்ளி’ என்று இரண்டாக நிற்கும்.

கற்க வேண்டியது
ரிஸ்க்: எக்செல், அக்கவுண்ட்ஸ், பாசல் விதிகள் (வங்கிகளுக்கான சர்வதேச மூலதன, ரிஸ்க் விதிகள்).
டேட்டா: எஸ்.க்யூ.எல். (தகவல் தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி), பைத்தான் (நிரல் மொழி).

பிறகு
ரிஸ்க் அனுபவத்துக்கு மதிப்பு பெரும்பாலும் வங்கி, என்.பி.எஃப்.சி.களில்தான் (வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள்). டேட்டா எங்கும் செல்லும், போட்டியும் அதற்கேற்ப.

எஃப்.ஆர்.எம். (நிதி ரிஸ்க் மேலாண்மைக்கான சர்வதேசத் தேர்வு) எழுதும் எண்ணமிருந்தால் ரிஸ்க். துறையே முடிவாகாதவர்களுக்கு டேட்டா. சேரவே பணம் கேட்கிறார்களா? எதுவாக இருந்தாலும் வேண்டாம்.