மேல் ஈறில் இரண்டு ஸ்க்ரூ: போட்டது முதல் கழற்றியது வரை

சிரித்தால் எனக்குப் பல்லைவிட ஈறுதான் முன்னால் தெரியும். மேல் முன்பற்கள் இறங்கி, கீழ்ப்பற்களைப் பாதிக்கு மேல் மூடியிருந்தன. கிளிப் போட்டு ஆறு மாதம் கழித்து, "முன்பற்களை மேலே ஏற்றணும், ரெண்டு மினி ஸ்க்ரூ போடலாம்" என்றார் டாக்டர். பின்பற்களைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் அவையும் இடம் மாறும். எலும்பில் நிற்கும் ஸ்க்ரூ அப்படி இழுபடாது. ஏதோ புது வித்தை என்று பயந்தேன். 1983-லேயே அமெரிக்காவில் கிரீக்மோர், எக்லண்ட் என்ற இருவர் இதே வேலைக்கு ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள்.

போட்ட அன்று வலி ஊசியோடு சரி. தேங்காய் ஓட்டில் ஆணியைத் திருகுவது போல ஓர் அழுத்தம், மண்டைக்குள் மெல்லிய கரகரப்பு, அவ்வளவுதான். 1.5 மில்லிமீட்டர் தடிமன், 8 மில்லிமீட்டர் நீளம். வடபழனியில் மெட்ரோ ஏறி அண்ணா நகரில் இறங்கும்வரை மேலுதடு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

தொல்லை அப்புறம்தான். உதட்டின் உள்பக்கம் உரசிப் புண்ணாகி, ஒரு வாரம் மெழுகு ஒட்டியே ஓட்டினேன். மூன்றாவது மாதம் பிரஷ் பட்டதும் இடது ஸ்க்ரூ லேசாக ஆடியது. சுற்றிலும் ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. நான் சரியாகச் சுத்தம் செய்யாததும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "சிலருக்குக் கழன்று வரும், மறுபடி போடணும்" என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். புது ஸ்க்ரூவுக்குத் தனிக் காசு வேறு. அதன்பின் குழந்தை பிரஷால் தலைப்பகுதியைச் சுற்றித் தேய்ப்பது இரவு வழக்கமானது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷை நாள்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கிறது, கவனம்.

ஸ்க்ரூவிலிருந்து பற்களை இழுக்கும் ரப்பர் சங்கிலியை (பவர் செயின்) நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள். இன்னும் இறுக்கலாமே என்று அவசரப்பட்டேன். அதிக விசை கொடுத்தால் வேர் நுனி கரைந்து குட்டையாகுமாம். நடுவில் எடுத்த எக்ஸ்ரேயில் லேசான மழுங்கல் தெரிந்தது, பயப்படும் அளவுக்கு இல்லை.

பத்து மாதத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் ஏறியது. ஆனால் ஈறு அதே அளவு ஏறவில்லை. பல் கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறது. இதை யாரும் சொல்லவில்லை.

கழற்றும்போது ஊசிகூடப் போடவில்லை. நாலு திருகு, வெளியே வந்துவிட்டது. இப்போது இரவில், பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிடெய்னர் மட்டும். அம்மா சுடும் தட்டையை இன்னும் உடைத்து, கடைவாயில் போட்டுத்தான் தின்கிறேன்.