ஹாஜி 10: ஜெர்சியில் பெயர் போடும் முன்

சிங்கப்பூரின் குயின்ஸ்வே கடைத்தொகுதியில் ஜெர்சி விற்கும் கடைகளிலேயே பெயரும் எண்ணும் ஒட்டித் தருகிறார்கள். 10ஆம் எண் அணிந்த ருமேனியக் காற்பந்து வீரர் கியோர்கே ஹாஜியின் ரசிகர்களுக்கு நல்ல வசதி. ஆனால் எந்த ஆண்டு ஜெர்சிக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது.

1990 உலகக் கிண்ண ஜெர்சியில் பெயர் போட்டால் தவறு. அப்போது முதுகில் எண் மட்டும்தான். உலகக் கிண்ண ஜெர்சியில் வீரர் பெயர் ஏறியதே 1994இல். அந்த ஆண்டு முன்புறமும் எண் உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். கொலம்பியாவுக்கு எதிராக இடது ஓரத்திலிருந்து கோல்காப்பாளரின் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட கோல், காலிறுதிவரை போன அணி: ஹாஜிக்கு ஒரே ஒரு ஜெர்சி வாங்குவதென்றால் 1994தான்.

HAGI என்ற பெயரில் நான்கே எழுத்து, கடைசி 'I' வெறும் கோடு. இடைவெளியைக் கூட்டாவிட்டால் பெயர் நடுவில் குறுகிக் கிடக்கும். '10' இன்னும் சிக்கல். ஒன்று ஒல்லி, சுழியம் அகலம். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை முதுகின் நடுக்கோட்டில் வைத்தால் மொத்த எண்ணும் வலப்பக்கம் நகர்ந்துவிடும். இடைவெளி சற்று இடப்பக்கம் இருக்க வேண்டும். அழுத்தும் முன் எழுத்துகளை அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டியபின் பிரித்தால் தடம் நிற்கும்.

எழுத்துகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டுகிறார்கள். சாதாரண ஒட்டுப்படத்துக்கு ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ், 10 முதல் 15 விநாடி. துருக்கியின் காலாட்டாசரே குழு ஜெர்சிக்கு இது அப்படியே சரிவராது. ஹாஜி 1996 முதல் 2001 வரை ஆடி, 2000இல் யூஃபா கிண்ணம் வென்ற அணி அது. பாதி சிவப்பு, பாதி மஞ்சள். சூடு மிஞ்சினால் பாலியெஸ்டரின் சிவப்புச் சாயம் வெள்ளை எண்ணில் ஊறி, சில நாளில் இளஞ்சிவப்பாகும். சாயம் தடுக்கும் படமும் குறைந்த சூடும் கேளுங்கள். தையல்மேல் எண் விழுந்தால் உள்ளே மெத்தைத் துண்டு வைத்து அழுத்த வேண்டும். இல்லையேல் அழுத்தம் சீராக விழாமல் ஓரம் கிளம்பும்.

முதல் துவைப்புக்கு 24 மணி நேரமாவது பொறுங்கள். உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவையுங்கள். புளோக்குக்கு வெளியே கம்பில் காயப்போடும்போதும் அப்படியே திருப்பிப் போடுங்கள். உலர்த்தி இயந்திரத்தில் மட்டும் போடவே கூடாது, எழுத்து வெடித்துவிடும்.