பழைய டூ-ஸ்ட்ரோக்கைப் பழுது பார்ப்பதா, புது ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறுவதா?

நான் பழையதைத்தான் வைத்துக்கொண்டேன். இரண்டு சிலிண்டர், 15 குதிரைத்திறன், கயிறு இழுத்துக் கிளப்பும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பலகையில் மாட்டும் மோட்டார். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எரிபொருள் மிச்சம், சத்தம், புகை மூன்றிலும் ஃபோர்-ஸ்ட்ரோக்தான் மேல். கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலேயே எக்ஸாஸ்ட் வழியாகப் போய்விடும். பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை வேறு. தினமும் மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் யோசிக்காமல் ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கலாம்.

என் விஷயத்தில் முடிவு செய்தது எடை. இந்தத் திறனில் பழைய டூ-ஸ்ட்ரோக் 35 முதல் 40 கிலோ இருக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் 43-44 கிலோவில் தொடங்கும், சில 50-ஐயும் தாண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கனம் படகின் நடுவில் உட்காருவதில்லை, பின்பலகைக்கும் வெளியே தொங்குகிறது. கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிறவரும் பெட்ரோல் டேங்கும் ஏற்கெனவே பின்னால்தான். சின்னப் படகில் பின்பக்கம் தாழ்ந்து அணியம் (முன்முனை) தூக்கிக்கொள்ளும், வேகம் எடுக்க நேரமாகும், நின்றிருக்கும்போது பின்னால் வரும் அலை பலகையைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கும். டேங்கை முன்னே நகர்த்தி, கைப்பிடிக்கு நீட்டிப்புக் குழாய் போட்டு ஓரளவு சரிக்கட்டலாம். படகில் எழுதியிருக்கும் எடை வரம்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் மோட்டாரைக் கழற்றி எடுத்துப் போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஃபோர்-ஸ்ட்ரோக்கை நிறுவனம் குறித்திருக்கும் பக்கமாகத்தான் படுக்க வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் அடியில் இருக்கும் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படித் தேங்கி நிற்கும் ஆயிலே கிடையாது. தண்ணீரை வடியவிட்டு, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும்.

சரி, எல்லாப் பழைய மோட்டாரும் காப்பாற்றத் தக்கதா என்றால், இல்லை. ஒரு பைசா செலவழிக்கும் முன் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பாருங்கள். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து, அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிக் கயிற்றை இழுக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் அங்கேயே நிறுத்திக்கொள்வேன். அடுத்து கியர் ஆயில். வடிக்கும்போது பால்போல வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். புரொப்பல்லர் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றி சீலை அறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

என்னுடையதில் கம்ப்ரெஷன் சமமாக இருந்தது, கெட்டது இம்பெல்லர்தான், குளிர்நீரை மேலே தள்ளும் பம்பின் ரப்பர் சக்கரம். ரப்பர் இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்து விறைத்துப்போய், ஒன்று பாதி ஒடிந்திருந்தது. புதியதை மாட்டினால் மட்டும் வேலை முடியாது. ஒடிந்த துண்டு குளிர்நீர் பாதையில் எங்கோ அடைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தேடி எடுக்காவிட்டால் மோட்டார் மறுபடியும் சூடேறும். உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாரில் போல்ட்டுகள் அலுமினியத்தோடு இறுகிப்போயிருக்கும். சூடு காட்டி, எண்ணெய் விட்டு, பொறுமையாகத்தான் திருப்ப வேண்டும். முறிந்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

உதிரி பாகம்தான் பழையதன் பலவீனம். எவின்ரூட் மாதிரி பெரிய அவுட்போர்டு பெயரே 2020-ல் உற்பத்தியை நிறுத்தியது. இம்பெல்லர், பிளக், சீல் போன்றவற்றை வேறு தயாரிப்பாளர்களும் செய்கிறார்கள். பிளக்குக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் யூனிட் போனால்தான் அலைச்சல்.

எரிபொருளை ஊசியாய்ப் பீச்சும் புது ஃபோர்-ஸ்ட்ரோக்குகளை நண்பர்களின் படகில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். கிளம்புவது சுலபம், மறுக்க முடியாது. அந்த எலெக்ட்ரானிக்ஸ் உப்புக் காற்றில் பல வருஷம் எப்படித் தாங்கும் என்று அந்த அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

பழையதிலேயே கொஞ்சம் மேம்பாடு வேண்டும் என்றால் புரொப்பல்லரிலிருந்து தொடங்குங்கள். ஆள் ஏறியதும் படகு திணறினால் பிட்ச் (ஒரு சுற்றுக்குப் புரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரம்) ஓர் அங்குலம் குறைந்ததை மாட்டலாம். நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று கூடும், உச்ச வேகம் சற்றுக் குறையலாம். மாற்றியபின் முழு திராட்டிலில் சுற்று, கையேட்டில் கொடுத்திருக்கும் எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.